ஏழாம் நம்பருக்குக் கொடுத்த சுக்குத் தண்ணீர்

அந்த வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டால் முதலில் கேட்பது என் மூச்சுதான். முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் ஆவி படரும். அதற்கு அப்பால் பன்றிக்குட்டிகள் இளஞ்சிவப்பாக, கனவில் வருவதுபோல மெல்ல நகரும். தாராவிக்காரியான எனக்குச் செம்பூரில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்குத் தீனி வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. இன்றும் சில விடிகாலைகளில் அந்த ஆவிக்குள்ளிருந்துதான் கண் விழிக்கிறேன்.

டாக்டரம்மா மாட்டுங்காவிலிருந்து வருவார். பாலக்காட்டுக் குடும்பம், என்னைவிட இளையவர். புதிதாகக் கிளம்பியிருந்த ஒரு சளிக்காய்ச்சல் வைரஸ் பன்றிகளுக்கு எவ்வளவு பொல்லாதது என்று கண்டறிவது அவர் ஆராய்ச்சி. எட்டுக் குட்டிகளின் மூக்கில் அவரே வைரஸைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தினமும் காய்ச்சல், இருமல், தீனி எல்லாவற்றையும் குறிப்போம். கடைசியில் நுரையீரலை எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை மருந்து கிடையாது.

"நோய் அதோட இஷ்டத்துக்குப் போகணும் அக்கா. நாம குறுக்கே நிக்கப்படாது" என்பார்.

நான் நின்றேன். ஏழாம் நம்பர் குட்டி வயிறு எக்கி எக்கி இருமியது. தீனியில் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் யார் இருமினாலும் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்க வைப்போம். அதை மருந்து என்று யாரும் சொல்வதில்லை, நானும் அப்படி நினைக்கவில்லை. மூன்று நாள் அதன் தண்ணீரில் கலந்து வைத்தேன். உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் குறிப்புத் தாளைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, ஏழாம் நம்பர் தேறிண்டு வரது! நாம பயந்த அளவுக்கு இது மோசமில்லையோ என்னவோ!"

அவர் எழுதப்போவதை நம்பிப் பண்ணைக்காரர்கள் அசட்டையாக இருந்துவிட்டால்?

"டாக்டரம்மா, ஒரு கல்தி பண்ணிட்டேன், தப்புதான். அதுக்குச் சுக்குத் தண்ணி குடுத்தேன். அது இருமுத இருமலக் கேக்க முடியலம்மா."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் திட்டவில்லை. தாளில் ஏழாம் நம்பரின் வரியை மட்டும் அடித்தார். "ஏழாம் நம்பரைச் சேத்துக்க முடியாது. எட்டு இல்லாம இதை முடிக்கவும் முடியாது. அடுத்த ரூம்லேர்ந்து ஒண்ணு கொண்டுவாங்கோ."

அடுத்த அறையில் நோய் தொடாத இரண்டு குட்டிகளை உபரியாக வைத்திருந்தோம். தேவைப்படாவிட்டால் அந்த வாரக் கடைசியில் அவை பண்ணைக்கே திரும்பிப் போயிருக்கும். வைரஸ் ஏறிய ஏழாம் நம்பர் உயிரோடு வெளியே போக முடியாது; அதன்மேல் நான் வைத்த இரக்கம் அதையும் காப்பாற்றவில்லை, இன்னொன்றின் உயிரையும் கேட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பேரனுக்குச் சுக்குத் தட்டும்போது மட்டும் கை சற்று நிற்கும்.

மறுநாள் காலை குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தன. எதை எடுப்பது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கவில்லை. குனிந்து, மேலே கிடந்ததைத் தூக்கினேன். அது கத்தவில்லை. கண்ணைப் பாதி திறந்து பார்த்துவிட்டு, என் கையிலேயே மறுபடி தூங்கிப்போனது.