அத்தர் மாப்பிள்ளையும் கட்டிலடிப் பூனையும்

எங்கள் வழக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் புறப்பட்டுப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். அப்படித்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு நாள், வத்தேகமையிலிருந்து கண்டியில் ஒரு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தேன். வாசலில் வெடி, உள்ளே றபான் மேளக் கொட்டு, வீடு கொள்ளாத சனம். அந்த ஆரவாரத்தில் நடுங்கிப்போன ஜீவன்கள் இரண்டு. ஒன்று நான். மற்றது என் மனைவியின் பூனை.

பூனை எங்கள் அறைக் கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. விருந்தாளிகள் போன பிறகும் வெளியே வரவில்லை, எதையும் தின்னவுமில்லை. குட்டியிலிருந்து தன் கையால் சோறு பிசைந்து வைத்து வளர்த்தவள் என் மனைவி. அதனால் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. என்னோடு இன்னும் ஒரு வார்த்தை பேசவுமில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவள் பார்த்தது கட்டிலின் அடியை.

படித்த மாப்பிள்ளை என்று சொல்லித்தான் என்னைக் கட்டிவைத்திருந்தார்கள். நான் படித்த புத்தகங்களில் புலி வந்தது, சிங்கம் வந்தது, பூனை வரவில்லை. ஆனாலும் பட்டுக் கோட்டோடு குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். கை கீறலோடு திரும்பி வந்தது. அடுத்து விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தேன். பூனை என்னைப் பற்றிய தன் அபிப்பிராயத்தைச் சீறிச் சொன்னது.

மாமி, அதாவது மனைவியின் தாய், என் முன்னால் வரமாட்டார். அந்தக் கால வழக்கம் அது. பேச்செல்லாம் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்துதான். பூனை பட்டினி கிடக்கக் கண்ணூறு பட்டதுதான் காரணம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அந்தி பட்டதும் சாம்பிராணிச் சட்டி அறைக்குள் வரும். கூடவே எனக்கு அத்தர், ஹஜ்ஜுக்குப் போன உறவினர் கொண்டுவந்த உயர்ந்த சரக்கு. மாமியின் மனம் கோணக் கூடாதென்று காதுமடல், கழுத்து, கோட்டு எல்லாம் தாராளமாகப் பூசிக்கொள்வேன். பூனை இன்னும் உள்ளே நகரும்.

புது மாப்பிள்ளையான என்னைப் பார்க்க வந்த பெண்கள், இவர் காலடி வைத்த நேரம் பூனை பட்டினி கிடக்கிறது என்று எனக்குக் கேட்கும்படியாகவே குசுகுசுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தின்னாவிட்டால் பூனையைத் திகனையிலுள்ள தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று மாமி திரைக்குப் பின்னாலிருந்து அறிவித்தார். மனைவியின் கண் கலங்கியது. அப்போதுதான் அவள் என்னிடம் முதன்முதலாகப் பேசினாள், சுவரைப் பார்த்தபடி.

“ஒங்கட அத்தர் மணம் அதுக்கு ஒத்துக்கல்ல. கழுவிட்டு வந்து சும்மா இருங்க. கூப்பிடவும் வேணாம், கையப் போடவும் வேணாம்.”

இது பூனையைப் பற்றிய பேச்சு மட்டும்தானா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கண்டிக் குளிரில் கிணற்றடியில் நின்று, தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தேன். திரும்பி வந்தபோது அவள் கம்பி ஜன்னலைத் திறந்து புகையை வெளியேற்றி, மாசிக் கருவாட்டுத் துண்டொன்றைக் கட்டிலோரம் வைத்திருந்தாள். நான் கட்டிலுக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். கூரைத் தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தைப் புரட்டவும் எனக்குப் பயம்.

பின்னால் மாசி நொறுங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் முழங்காலில் ஈரமாக ஒரு மூக்கு பட்டது. பூனை என்னைச் சுற்றி வந்து முகர்ந்தது. கழற்றி வைத்திருந்த என் துருக்கித் தொப்பியின் மேல் ஏறிப் படுத்து, அதைத் தோசையாக்கியது. என் மனைவி சிரித்தாள். அந்த மழையையும் சிரிப்பையும் இன்றைக்கும் என்னால் தனித்தனியாக நினைக்க முடிவதில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரை அசைந்தது. “பூன வந்திட்டா மருமகன்? அல்ஹம்துலில்லாஹ். சந்தோசத்துக்குக் கொஞ்சம் சாம்பிராணி போடவா?”

“வேணாம்!” என்றோம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பேசிய முதல் வார்த்தை அது.