மாமா காயவைத்த பஞ்சு

என் மாமாவுக்கு வேலை என்றாலே ஆகாது என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். அது அநியாயம். அப்பா பார்த்து வைத்திருந்த வேலைதான் மாமாவுக்கு ஆகவில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் சேர்ந்தால் சில வருஷங்களில் பர்மனென்ட் ஆகிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. அம்மாவோ தன் ஒரே தம்பிக்கு மனசுக்குள்ளேயே பக்கத்து பிளாக்கில் குவார்ட்டர்ஸ் வாங்கி, பாலும் காய்ச்சிவிட்டிருந்தாள்.

மாமா கோயம்புத்தூர் பஞ்சாலை ஒன்றில் கொஞ்ச நாள் இருந்தவர். மில் கழிவுப் பஞ்சை மூட்டையாக வரவழைத்து, வாடிங் செய்யப்போகிறேன் என்று எங்கள் கொல்லையில் இறங்கிவிட்டார். சோபாவுக்கும் மெத்தைக்கும் உள்ளே வைத்துத் தைக்கிற பஞ்சு விரிப்புதான் அது. வடலூர் மெத்தைக் கடை மெஷினில் பஞ்சை அடித்து வாங்கி வருவார். வலை அடித்த மரச்சட்டத்தில் மெல்லிசாகப் பரப்பி, பிரிந்துபோகாமல் இருக்கக் கஞ்சி தெளித்து வெயிலில் வைப்பார். கஞ்சி கூடினால் அப்பளமாகிவிடும், குறைந்தால் பறந்துவிடும். சுரங்கத்திலிருந்து கறுப்பாக வரும் அப்பா, சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் வெள்ளையாகிவிடுவார்.

பல தடவை கெடுத்த பிறகு பதம் பிடிபட்டது. பண்ருட்டியில் குழந்தை மெத்தை தைத்து விற்கிற ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவருக்குப் பிடித்தால் மாதாமாதம் ஆர்டர்.

"இது அமைஞ்சுதுன்னா மைன்ஸ் பேச்சையே எடுக்கக் கூடாதுக்கா," என்றார் மாமா. அம்மா தலையாட்டினாள்.

அன்று காலை ஈரச் சட்டங்களைக் கொல்லை முழுக்கச் சாய்த்து வைத்துவிட்டு, வியாபாரியை அழைத்துவர வடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

எங்கள் டவுன்ஷிப்பில் வெள்ளைத் துணி காயப்போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது வெயிலை அல்ல, அனல்மின் நிலையத்துப் புகையை. புகை நம் பக்கம் திரும்பினால் சற்று நேரத்தில் சாம்பல் இறங்கும். மாமா வந்ததிலிருந்து காற்று எதிர்ப்பக்கமே அடித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு இது தெரியாது.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு கொடியிலிருந்த அப்பாவின் சட்டைகளை உருவி என் கைகளில் போட்டாள். வளையமாதேவியிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருந்த பெண் வேலிக்கு அந்தப்புறமிருந்து கேட்டாள்.

"இன்னாக்கா, துணியெல்லாம் எடுத்துகினு போறீங்க? பொகை திரும்பிடுச்சா?"

"இல்ல கண்ணு, காஞ்சு போச்சு."

என் கைகளில் சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பஞ்சுச் சட்டங்கள் கொல்லையிலேயே இருந்தன.

மாமா வந்தபோது அத்தனையும் சாம்பல் நிறம். வியாபாரி ஒரு விரிப்பைத் தடவி, விரலைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காத தம்பி. பச்சக் கொழந்த படுக்கறது. இத எப்படி உள்ள வெக்கறது?"

மாமா சட்டத்தைத் தூக்கி உதறினார். கஞ்சியில் ஒட்டிய சாம்பல் உதிரவில்லை. வியாபாரி மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மாமா கான்ட்ராக்ட்டில் சேர்ந்தார். பர்மனென்ட்டும் ஆனார். குவார்ட்டர்ஸ், கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் அம்மா நினைத்தபடியே நடந்தன. ஆனால் சாப்பாட்டை மறந்து ஒரு காரியத்தில் கிடந்த அந்த மாமாவை நான் பிறகு பார்க்கவேயில்லை. "அன்னைக்கு அக்கா மட்டும் தேத்தலேன்னா நான் ஒடிஞ்சு போயிருப்பேன்," என்று தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார். அம்மா ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவாள். இருவரையும் நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

சாம்பல் இறங்கிய அன்று சாயங்காலம் அம்மா தனியாகக் கொல்லையில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரிப்பையும் முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சாம்பல் உள்ளேதான் இறங்கியது. அவள் கண்களிலிருந்து நீர் வழிந்தது. பஞ்சு வீணாகிவிட்டதே என்று அழுகிறாள் என நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"அழாதம்மா. இனிமே பொகை வந்தா நீ மாமாகிட்ட சொல்லிடு, போதும்," என்றேன்.

அதைக் கேட்டதும் அவள் ஏன் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.