ரெண்டு நாவலுக்கு நடுவுல ஒரு குச்சனூர் பயணம்

இன்னைக்குக் காலையில குச்சனூர் பக்கம் ஒரு தென்னந்தோப்புல...

ரெண்டு ஆம்பளைக சட்டையத் தூக்கி நெஞ்சுத் தழும்பக் காட்டிக்கிட்டு நின்னாக. அதுல ஒருத்தர் எங்க வீட்டுக்காரர்!

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன்.

சரித்திர நாவல் எழுதுறவளுக்கு ஒரு புக்கு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற வரைக்கும் என்ன வேலைன்னு நிறைய பேர் கேக்குறீக.

கோயில் கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை. சொந்தக்காரவுக கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம். காலேஜ் விழாவுல சிறப்புரை (பாதி நேரம் மைக் வேலை செய்யாது). மிச்ச நேரமெல்லாம் லேப்டாப் முன்னாடி உக்காந்து முழிக்கிறது!

இந்தத் தடவ அந்த முழிப்பு ரொம்ப நீண்டுருச்சு. உக்காந்தா ராசா வருவாரு, படை வரும், குதிரை கூட வரும். ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாக.

ஏன்னு எனக்குத் தெரியும். வெளிய சொல்லல, அவ்வளவுதான்.

எங்க வீட்டுக்காரர் பெரியகுளத்துல தோட்டக்கலை ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவுக. என்னோட எல்லா நாவலுக்கும் கல்லத் தேடி, கோயிலத் தேடி நான் போன அத்தன ஊருக்கும் அவுக புல்லட்டுலதான் போனேன்.

நான் கல்லுல தண்ணியத் தெளிச்சு, பிரஷ்ஷால தேச்சு, எழுத்துக் கூட்டிக்கிட்டுக் கெடப்பேன். அவுக மரத்தடியில போயி ஊர்க்காரவுகளோட உக்காந்துருவாக.

திரும்பி வாரப்போ காத்துல கத்திக் கத்திச் சொல்லிக்கிட்டே வருவாக. யார் வீட்டு மாடு யார் வயல்ல மேஞ்சுச்சு, எந்த மருமக கோவிச்சுக்கிட்டுப் போனா, எந்த அண்ணன் தம்பி ஏன் பேசிக்கிறதில்ல...

அந்த ஆளுகளுக்கெல்லாம் பழைய காலத்து உடுப்ப மாட்டி நாவலுக்குள்ள விட்டுருவேன்! (படிச்சவுக ‘அடேயப்பா, என்னா ஆராய்ச்சி’ம்பாக.)

அதெல்லாம் எவ்வளவு நல்ல ஞாயித்துக்கெழமைக தெரியுமா!

போன வருசம் அவுகளுக்கு மதுரையில நெஞ்சுல ஆப்பரேஷன். நல்லபடியா முடிஞ்சது. டாக்டரும் நடங்க, நாலு எடத்துக்குப் போங்கன்னுதான் சொன்னாரு.

ஆனா இவுக வீட்டுக் கேட்டத் தாண்டல. கூப்பிட்டா, “வழியில ஏதாவது ஆயிட்டா?”ம்பாக. பேச்சும் குறஞ்சு போச்சு. எனக்கு அதுதான் பெரிய பயம்.

குச்சனூர் பக்கம் ஒரு வாய்க்கா ஓரத்துல நடுகல் ஒண்ணு உண்டு. சண்டையில செத்த ஒரு வீரன் வாளோட நிப்பான், பக்கத்துல கையத் தூக்கிக்கிட்டு அவன் பொஞ்சாதி. முன்ன பாத்ததுதான். இன்னைக்கு அதப் பாத்துட்டு வருவோம்னு ஸ்கூட்டி சாவிய எடுத்தேன்.

“எங்கன?”

“குச்சனூரு.”

“தனியாவா?”

“பின்ன? கல்லு எந்திரிச்சு வீட்டுக்கு வருமா?”

டிவிய ஆஃப் பண்ணாக. “நில்லு, சட்ட மாட்டிட்டு வாரேன்.”

நான் திரும்பிக்கூடப் பாக்கல. பாத்தா மனச மாத்திக்குவாகளோன்னு பயம்!

கல்யாணமாகி மொத தடவயா நான் ஓட்ட, அவுக பின்னாடி. சின்னமனூர்ல கெளம்பி மார்க்கையன்கோட்டை தாண்டுற வரைக்கும் “பிரேக்கப் பிடி, லாரி வருது” தவிர வேற பேச்சில்ல. (லாரி எதுவும் வரல.)

தோப்புக்குள்ள நொழஞ்சதும், வாய்க்கால்ல துணி அலசிக்கிட்டு இருந்த பேச்சியம்மா நிமிந்து பாத்தாக. தோப்பு அவுகளோடது.

“ஆத்தீ! புல்லட்டுக்காரண்ணே! ஆளையே காணோம்?”

அப்புறம் என்னையப் பாத்துட்டு, “அண்ணே கூட ஒரு அம்மா வருவாக, கல்லையே மொறச்சுக்கிட்டுக் கெடப்பாக. அவுக வரலையா?”

(அந்த அம்மா நாந்தேன்!)

எங்க வீட்டுக்காரர் வண்டிய விட்டு எறங்குனாக. அப்புறம் சொன்னாக, “ஒடம்பு சரியில்லத்தா. நெஞ்சுல ஆப்பரேஷன்.”

வெளி ஆளுககிட்ட அந்த வார்த்தைய அவுக சொல்லி இன்னைக்குத்தான் கேட்டேன்.

“அட, எங்க வீட்டுலயுந்தேன்! ஏங்க, இங்கன வாங்க! நம்ம அண்ணனுக்கும் நெஞ்சத் தொறந்திருக்காகளாம்!”

அவுக வீட்டுக்காரர் செல்லையா மம்பட்டியோட ஓடி வந்தாரு. அப்பதான் அந்தச் சட்ட தூக்குற வைபவம்! யாருக்குத் தழும்பு நீளம், யாருக்குக் குளிருக்கு இழுக்குது, தும்மல் வந்தா நெஞ்சு வலிக்காம தலகாணிய எப்படிக் கட்டிப் பிடிச்சாக...

“மம்பட்டியெல்லாம் பிடிக்கலாமா?”ன்னு கேட்டாக எங்க வீட்டுக்காரர்.

“டாக்டரக் கேட்டுட்டுத்தேன்ணே. மொதல்ல நானும் பயந்து கட்டில விட்டு எறங்கல. இவதேன் ஏசி ஏசி எந்திரிக்க வச்சா.”

நான் கல்லுகிட்டப் போயிட்டேன். பின்னாடி எங்க வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

கல்லுல என்ன இருந்துச்சுன்னு கேட்டா சத்தியமாத் தெரியாது. கண்ணத் தண்ணி மறச்சிருச்சு.

திரும்பி வாரப்போ, பழையபடி காதுகிட்டக் கத்த ஆரம்பிச்சாக!

“ஆப்பரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்போ செல்லையாகிட்ட பேச்சியம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா?”

“என்ன?”

“‘நீ திரும்பி வரலன்னா, வயலத் தரிசாப் போட்டுருவேன். ஒரு நாத்துக்கூட நட மாட்டேன், பாத்துக்க’ன்னுச்சாம்!” (‘ஏங்க’ போயி ‘நீ’ ஆயிருச்சு. அவ்வளவு பயம் அந்தப் பொம்பளைக்கு!)

வண்டிய ஓரங்கட்டிட்டேன்.

சண்டைக்குப் போறவன்கிட்ட அந்தக் கல்லுப் பொம்பள கையத் தூக்கி என்ன சொல்லியிருப்பான்னு எனக்குக் கெடச்சிருச்சு. ரோட்டோரத்துல நின்னே போன்ல டைப் பண்ணேன்.

அவுக எறங்கி நின்னு, நெல்லு வயலப் பாத்துக்கிட்டே கேட்டாக.

“அன்னைக்கு நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?”

“சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள கதவச் சாத்திட்டாக.”

“என்ன சொல்ல வந்த?”

“இப்ப எதுக்கு? அதான் வந்துட்டீகல்ல.”

போனப் பைக்குள்ள போட்டுட்டு வண்டியக் கெளப்புனேன்.

சாயங்காலம் டீயக் கையில வச்சுக்கிட்டு அவுகளே ஆரம்பிச்சாக. “கூடலூர்ப் பக்கம் ஒரு கல்லு கெடக்காம், செல்லையா சொன்னாரு. நாளைக்குப் போவமா?”

“போவோம்!”

“ஆனா வண்டிய நாந்தேன் ஓட்டுவேன். நீ ஓட்டுற லட்சணத்துக்கு எனக்கு இன்னொரு ஆப்பரேஷன் பண்ணணும்!”