முதல் கவளம் படத்துக்கு

முதல் கவளம் படத்துக்கு. லேமினேட் செய்த அந்தப் படத்தில் சிரிக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் உதட்டருகே ரசஞ்சோற்றைக் கொண்டுபோய், "உங்கம்மா துன்னாச்சு, இப்ப நீ துன்னு" என்று சொன்ன பிறகுதான் லோகநாயகி அடுத்த கவளத்தை எழிலுக்கு ஊட்டுவார். மூன்றரை வயது எழிலும் படத்தின் வாயைத் துடைத்துவிட்டே தன் வாயைத் திறப்பாள். இரண்டு மாதமாக இது நடக்கிறது. எழிலைத் தத்தெடுக்கக் காத்து இத்தாலியில் இருக்கும் கியாராவுக்குத் தாம்பரத்தில் கன்னமெல்லாம் மஞ்சள் கறை.

அங்கே குழந்தைகள் காப்பகத்தில் லோகநாயகி பதினெட்டு வருடமாக ஆயா. வெளிநாட்டுக்குத் தத்துப் போகும் பிள்ளைகளைப் பழக்கி அனுப்புவது அவர் வேலை. பள்ளிக்கரணையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பிள்ளைகளைத் துப்பட்டாவால் கட்டி உட்காரவைத்து, எழுந்தால் பைலட் திட்டுவார் என்று மிரட்டுவார். உள்ளங்கையில் ஐஸ் கட்டியை வைத்து, அங்கே ஊரே இப்படித்தான் என்பார். அவரோ விமானத்தை மீனம்பாக்கம் பக்கம் தாழப் பறக்கும்போது அண்ணாந்து பார்த்ததோடு சரி.

எல்லோருக்கும் அவர் அக்கா. எந்தப் பிள்ளையாவது அம்மா என்று கூப்பிட்டால் காதில் விழாததுபோல் துணி மடித்துக்கொண்டிருப்பார். "அந்தப் பேரு வர்றவங்களுது சார். அத்தயும் நாம எட்துக்கினா அவங்களுக்கு இன்னா கீது?" என்பார் என்னிடம்.

ஒவ்வொரு பிள்ளையின் பழக்கங்களையும் அவர் சொல்லச் சொல்ல, புதுப் பெற்றோருக்காக ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் வேலை. செவ்வாய்தோறும் போவேன். முன்பு ஷெர்வின் என்ற பையன் போனபோது, முதுகில் தட்டினால்தான் தூங்குவான் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அது ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்ற ஆசை. ஓட்டல் அறையில் பையன் மூன்று நாள் தூங்காமல் அழுதிருக்கிறான். அதை நினைத்தால் இன்றும் அவருக்குச் சோறு இறங்காது. அதன்பின் எதையும் மறைப்பதில்லை. எழிலுக்கு மட்டும் நான்கு பக்கம் எழுதினோம். அப்பளத்தை நொறுக்கித்தான் போட வேண்டும், பல்லிக்குப் பயம், தூங்கும்போது அம்மாவின் இடது காதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கியாராவும் கணவரும் வந்தார்கள். எழில் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், கன்னத்தில் மஞ்சள் இல்லையே என்று தேய்த்துப் பார்த்தாள். மதியம் கியாராவின் மடியில் படுத்தாள். கை மேலேறிக் காதைத் தேடியது, பிடித்தது, தடவியது, விட்டுவிட்டது. எழில் வீறிட்டாள். கதவோரம் நின்ற லோகநாயகியை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். தூக்கினால் இரண்டு மாத உழைப்பும் போச்சு. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து லோகநாயகி தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். எழில் தினமும் பிடிப்பது அவர் காதை அல்ல. அதிலிருக்கும் சிவப்புக்கல் கம்மலை. அதை உருட்டிக்கொண்டேதான் தூங்குவாள். பதினைந்து வயதிலிருந்து கழற்றாத கம்மல் என்பதால் அதுவும் காதின் ஒரு பகுதி என்றே நினைத்துவிட்டார். நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

திருகாணியைக் கழற்றி, கம்மலை முந்தானையில் துடைத்து, கியாராவின் இடது காதருகே கொண்டுபோனார். அந்தக் காதில் துளை ஊசித்துளை. நம் கம்மலின் தண்டோ தடிமன். கியாராவுக்குப் புரிந்தது. தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். லோகநாயகி அழுத்தினார். கண்ணிலிருந்து நீர் வழிந்ததே தவிர, கியாரா காதை இழுத்துக்கொள்ளவில்லை. எழிலின் விரல்கள் கல்லைக் கண்டுபிடித்தன. உருட்டின. மெல்ல நின்றன.

"தாங்கிக்கிறாங்க சார். புள்ளைய பாத்துக்குவாங்க" என்றார் லோகநாயகி, என்னிடம் மட்டும்.

அடுத்த செவ்வாய் போனபோது எழில் இல்லை. வேறொரு பையன், வேறொரு படம். சோறு ஆறிக்கொண்டிருந்தது. லோகநாயகியின் வலது காதில் சிவப்புக்கல் அப்படியே இருந்தது. கம்மல் இல்லாவிட்டால் துளை தூர்ந்துவிடும். லோகநாயகி விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, விரற்கடை நீளத்துக்கு ஒடித்து, இடது காதில் செருகிக்கொண்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, முதல் கவளத்தை உருட்டிப் படத்தை நோக்கி நீட்டினார்.