ஞாயிற்றுக்கிழமை வந்த வேன்

எம். புதுப்பட்டி ஆலயத்தின் ஞாயிறு பள்ளியில் நான் தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நாட்களில்தான், ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. தீபாவளி சீசன், ஆர்டர் முடியவில்லை என்று ஞாயிறன்றும் வேலை வைத்திருந்தார்கள். என் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாய் உடல் வெந்து விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அடுத்த ஞாயிறு, சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் பிள்ளைகளிடம் பேச எழுந்தார். அந்தக் கம்பெனியின் போர்மேனும் அவர்தான்.

"ஆண்டவரோட நாள்ல கோயிலுக்கு வராம வேலைக்குப் போனா என்ன ஆகும்னு பாத்தீகளா? வானத்துல இருந்து அக்கினி எறங்கும். தீர்க்கதரிசிக அம்புட்டுப் பேரும் இதத்தான் சொன்னாக."

அன்றிலிருந்து அந்தச் சிறுமி ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தாள். அவளுடைய சித்தி என்னிடம் வந்து அழுதார்.

"அக்கா கண்ணத் தொறக்கும்போதெல்லாம் இவளத்தான் கேக்குது டீச்சர். இவ என்னடான்னா, சாமி தண்டிச்சவகளுக்கு நான் எப்படி ஜெபம் பண்ணன்னு கேக்குறா."

தாயின் உடலை எரித்தது போதாதா? மகளை அவரிடமிருந்து பிரிப்பதற்குக் கடவுளையும் வேலைக்கு வைத்தாயிற்று! நேராகப் போய் அந்தப் போர்மேனோடு மோதியிருப்பேன். ஆனால் அந்தச் சித்தியும் அதே கம்பெனியில் திரி வைப்பவர். என் கோபத்துக்கு அவர் வேலையை இழக்கக் கூடாது. ஆகவே அடுத்த வகுப்பில் பாடத்தை நடத்தினேன்.

மந்தை மந்தையாக ஆடுகள் வைத்திருந்த பணக்காரன், ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து சமைத்த கதை. தவறிழைத்த அரசனின் முகத்துக்கு நேரே நின்று ஒரு தீர்க்கதரிசி சொன்னது.

"இதுல கடவுள் யாரத் தண்டிப்பாரு?"

"பணக்காரனத்தான்!"

"ஆட்டுக்குட்டிய?"

"போங்க டீச்சர்! என்னயக் கொழம்பு வையின்னு குட்டியா போயி நின்னுச்சு?" என்றாள் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிறுமி மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கம்மா அன்னிக்குக் கோயிலுக்குத்தான் சீல கட்டுச்சு. கம்பெனி வேன் வாசல்ல வந்து ஆரன் அடிச்சுச்சு. இன்னிக்கு வரலேன்னா இனிமே வரவே வேண்டாம்னாக."

"யாரு சொன்னா?"

அவள் வாசலைப் பார்த்தாள். போர்மேன் அங்கே நின்றிருந்தார். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"டீச்சர், பிள்ளைகளுக்குப் பாட்டு கீட்டு சொல்லிக் குடுங்க. தீர்க்கதரிசியெல்லாம் இந்த ஊருக்குத் தோதுப்படாது," என்றார்.

"அக்கினிப் பேச்ச ஆரம்பிச்சது நீங்கதானய்யா. மூட்டுனது யாருன்னு பிள்ளைக கேக்கத்தான செய்யும்?"

அத்தோடு அந்த வகுப்பு என்னிடமிருந்து போயிற்று. சித்தியின் வேலை போகவில்லை. ஆர்டர் குவிந்த தீபாவளி சீசனில் ஓர் ஆள் குறைவதைப் போர்மேன் விரும்பவில்லை போலும்.

அன்று மாலையே சிறுமி என்னோடும் சித்தியோடும் விருதுநகர் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கொசுவலைக்குள்ளிருந்து தாய் முனகினார்: "அன்னிக்கு நான் கோயிலுக்குப் போயிருக்கணும்த்தா. சாமி கோவிச்சுக்கிருச்சு."

சிறுமி வலையோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"சாமி இல்லம்மா. வேன் வந்துச்சுல்ல."