குரோம்பேட்டையில் ஒரு ஃபீல்ட் ஆர்மி

நேற்று டிவியில் கோட்டு போட்ட ஒருவர் போர் நிலவரம் விளக்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கியைத் தீபாவளிக்கு மட்டுமே பிடித்திருக்கக்கூடிய கை. அமெரிக்கா 'ஃபீல்ட் ஆர்மி'யை இறக்கினால் நாலு நாளில் கதை முடிந்துவிடும் என்று மேசையைத் தட்டினார். அதென்ன, லாரியிலிருந்து இறக்க அரிசி மூட்டையா? சிரிப்பு வந்தது. கூடவே ஒரு பழைய ஏசியின் ஈரவாடையும் மூக்கில் ஏறியது.

அந்த வாடை குரோம்பேட்டையில், பாத்திரக்கடை மாடியில் இருந்த எங்கள் ஆபீசுடையது. அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றுக்காக ராணுவக் கலைக்களஞ்சியத்தைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி அனுப்புவது வேலை. பீரங்கியை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. பல்லாவரம் கல்குவாரியில் வெடி வைக்கும் சத்தம்தான் எங்கள் போர் அனுபவம்.

ஆனாலும் ஃபீல்ட் ஆர்மி என்றால் என்ன என்று அந்தக் கோட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள். முதல் உலகப்போரில், பிரான்சில் அங்கங்கே சிதறிக் கிடந்த அமெரிக்கப் படைகளை ஒரே தலைமையின்கீழ் சேர்க்க அமெரிக்காவின் முதலாம் ஃபீல்ட் ஆர்மி பிறந்தது. பல ஆயிரம் பேர் கொண்ட டிவிஷன்கள் சேர்ந்தால் கோர், கோர்கள் சேர்ந்தால் ஃபீல்ட் ஆர்மி. போர் முடிந்ததும் கலைத்தார்கள்; அடுத்த உலகப்போருக்கு மறுபடி கூட்டினார்கள். அதற்கென்று நிலையான ஆட்கள் கிடையாது. நிலையானது தலைமையகம்தான். தேவைப்பட்டால் கோர்களைச் சேர்த்துக்கொள்ளும், தேவை முடிந்தால் கழற்றிவிடும்.

இந்தப் பக்கத்தை எங்கள் மேனேஜரும் படித்துவிட்டார். அதுதான் வினை. தாம்பரம் விமானப்படைத் தள மதிலோரம் ஸ்கூட்டர் ஓட்டியதைத் தவிர ராணுவத்தோடு அவருக்கு எந்த உறவும் இல்லை. மறுவாரமே நாற்பது பேர் கொண்ட எங்கள் ஆபீஸ் ஃபீல்ட் ஆர்மி ஆனது. தட்டச்சு ஒரு கோர், பிழைதிருத்தம் ஒரு கோர். கண்ணாடி அறையில் அவர், அதாவது தலைமையகம். தோளில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு துணிச்சின்னம் வேறு, தாம்பரம் சண்முகம் ரோட்டில் தைத்து வந்தது. வெட்கமில்லாமல் குத்திக்கொண்டோம். நான் அதோடு மின்சார ரயிலிலும் போனேன், யாராவது என்னவென்று கேட்கமாட்டார்களா என்று. ஒருவரும் கேட்கவில்லை.

தட்டச்சுக் கோருக்குத் தளபதி ஸ்டெல்லா அக்கா. பக்கத்து அஸ்தினாபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தவர். நிரந்தர வேலை என்று மேனேஜர் சொன்னதை நம்பி இங்கே வந்தார். அந்த மழைக்காலத்தில் பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள், இடம் காலியாக இருக்கிறது, உடனே வந்து சேருங்கள் என்று. அக்காவுக்குப் போகத்தான் ஆசை. மேனேஜர் விடவில்லை.

"நீங்க போனா ஒரு கோரே போயிடும் மேடம். சண்டை நடுவுல எந்தக் கமாண்டராவது கிளம்புவாங்களா?"

பெரிய சண்டை! நாங்களும் சேர்ந்து தலையாட்டினோம். வரவில்லை என்று அக்கா பள்ளிக்குச் சொல்லியனுப்பிவிட்டார். அந்த இடத்துக்கு வேறொருவர் சேர்ந்தார்.

பொங்கலுக்குள் களஞ்சியம் முடிந்தது. இரண்டு கோர்களையும் 'டிடாச்' செய்வதாக, அதாவது கழற்றிவிடுவதாக, மேனேஜர் அறிவித்தார். தலைமையகம் மட்டும் தொடருமாம். மனிதர் முகத்தில் கூச்சம் மருந்துக்கும் இல்லை. அக்கா படிக்கட்டில் நின்று தோள் சின்னத்தைப் பிய்த்தெடுத்தார்.

"அந்தப் பக்கத்த நான்தான் டைப் பண்ணேன். நீங்கல்லாம் திருப்பித் திருப்பிப் படிச்சீங்க. ஒருத்தருக்குக்கூட உறைக்கல பாரு."

எங்கே உறைக்கும்? நாங்கள் கமா சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்த மாடியில் ஆபீஸ் இல்லை, பல் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. பிழை திருத்த ஆளும் தேவையில்லை, எல்லாம் மெஷினே பார்க்கிறது. மேனேஜர் மட்டும் சௌக்கியம். ஊரப்பாக்கத்தில் இளைஞர்களுக்கு 'லீடர்ஷிப்' வகுப்பு எடுக்கிறாராம். எடுக்கட்டும், கேட்கவும் கூட்டம் இருக்கிறதே.

போன மாதம் அக்காவைத் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் பார்த்தேன். அந்தப் பள்ளியையும் மூடி அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள், போயிருந்தாலும் வேலை நிலைத்திருக்காது என்று ஆறுதல் சொன்னேன். பெரிய புத்திசாலி மாதிரி.

"தெரியும்ப்பா," என்றார் அக்கா. "மூடுற வரைக்கும் புள்ளைங்க என்னை மிஸ்னு கூப்ட்டிருக்கும்ல?"