மஞ்சள் தண்ணி படாத டிஸ்க்

ஒரு ஹாட் டிஸ்க் வாங்க நான் மட்டக்களப்பு ரவுணுக்கு மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம் கடைக்காரர் என்னைக் கண்டதுமே சிரித்துவிட்டார்.

"அண்ணன், பொம்பிளை பாக்கக்கூட ஆரும் இவ்வளவு யோசிக்க மாட்டாங்க."

"விழுந்தா என்ன நடக்கும்? அதைச் சொல்லுங்க."

"இந்தப் பெரிசுக்குள்ள தட்டு சுத்தும், விழுந்தா பயம்தான். இந்தச் சின்னதுக்குள்ள சுத்திறதுக்கு ஒண்டுமில்ல. தாங்கும்."

"தண்ணி பட்டா?"

"வாவிக்குள்ளயா வைக்கப் போறீங்க?"

அவருக்குப் பகிடி. சின்னதிலேயே இரண்டு எடுத்தேன். ஒரே கொம்பனி என்றால் இரண்டும் ஒன்றாகச் செத்துவிடும் என்ற பயத்தில், வேறு வேறு கொம்பனி.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஒரு கலியாண வீடியோக்காரரிடம் லைட் பிடிக்கப் போனவன் நான். பிறகு கமராவும் எடிட்டிங்கும் பழகினேன். ஒரு ஆயுத பூசைக்கு முதலாளி கமரா, லென்ஸ், டிஸ்க் எல்லாவற்றையும் சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கினார். சந்தனப் பொட்டு வைத்தார். மாவிலையால் மஞ்சள் தண்ணி தெளித்தார். டிஸ்க்கில் வயர் கொழுவும் ஓட்டைக்குள் தண்ணி நின்றதை நான் கண்டேன்.

"முதலாளி, காயட்டும்."

"சாமித் தண்ணிடா, ஒண்டும் செய்யாது."

அப்படியே கொம்பியூட்டரில் கொழுவினார். ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

அதற்குள் கல்குடாவில் எடுத்த ஒரு கலியாணம் இருந்தது. கமராவின் மெமரி காட்டை அடுத்த வேலைக்கென்று அழித்திருந்தோம், வேறு பிரதி இல்லை. பொம்பிளையின் தகப்பன் கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை காலமானவர். அவர் சிரித்த கடைசி முகம் அதற்குள்தான். தாய்க்காரி வந்து கேட்டபோது முதலாளி என்னைக் காட்டினார்.

"இவன்தான் கீழ போட்டவன். எட்டாம் வகுப்போட நிண்டவனுக்கு மெசினைக் குடுத்தா இப்படித்தான்."

அந்த அம்மா என்னைப் பார்த்து மண் அள்ளித் தூற்றினா. நான் வாய் திறக்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயம். வேலை எப்படியும் இரண்டு மாதத்தில் போனது. பிறகு நான் சொந்தமாகத் தொழில் தொடங்கியும் கல்குடாப் பக்கம் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. டிஸ்க்கைக் கீழே போடுகிறவன் என்ற பேர் எனக்கு முன்னால் போய் நின்றது.

இந்த வருசம் அதே முதலாளியின் மகளுக்குக் கலியாணம். வந்தாறுமூலை மாப்பிள்ளை வீட்டார் வீடியோவுக்கு என்னைப் பிடித்தார்கள். டிஸ்க் வாங்க மூன்று தரம் அலைந்தது அதற்காகத்தான். கலியாணத்தை எடுத்து முடித்து, ஒரு பிரதியை என் கடையில் வைத்தேன், மற்றதை மனிசியின் அலுமாரியில், சாறிகளுக்கு நடுவில்.

முதலாளி கடைக்கு வந்தார். "தம்பி, வீடியோ பத்திரமா இரிக்கா?"

அந்த நாளில் 'டேய்'. இப்போது தம்பி.

"இரிக்கி. கல்குடா அம்மாவோட கதைச்சு, மஞ்சள் தண்ணி தெளிச்சதைச் சொல்லுங்க. மறுகா வீடியோவைத் தாறன்."

"பழைய கதையெல்லாம் என்னத்துக்கு?"

"உங்களுக்குத்தான் பழசு."

என் போனிலேயே அந்த அம்மாவின் நம்பரை அடித்து, சத்தத்தைக் கூட்டி, அவர் முன்னால் வைத்தேன். முகம் வற்றிப்போய் இருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை, வந்தது என்று பொய் எழுதுவானேன்.

"டிஸ்க்கைக் கெடுத்தது நான்தான். பொடியன் விழுத்தல்ல," என்றார்.

அந்தப் பக்கம் கல்குடா அம்மாவின் குரல் உயர்ந்தது, "அப்ப அந்தப் புள்ளைக்கா நான் மண் தூத்தினன்?"

மறுகா முதலாளிக்கு விழுந்த ஏச்சை இங்கே எழுத ஏலாது. நிற்பாட்டச் சொல்லி நான் கேட்கவுமில்லை. முழுக்க விழட்டும் என்று இருந்துவிட்டு, வீடியோவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

"பூசைக்கு வெளிய எடுத்திராதீங்க, முதலாளி."

அந்தப் பேச்சு முழுக்க என் போனில் பதிவாகி இருக்கிறது. இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றிவிட்டேன். என்றாலும் இரண்டும் ஒரு நாள் போய், அவரும் "நான் எப்ப சொன்னன்?" என்று கேட்டால்? திங்கட்கிழமை ரவுணுக்குப் போகிறேன், மூன்றாவது வாங்க. கடைக்காரர் சிரிக்கட்டும்.